பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்

கீழுதட்டின் இடது பாதி போய்விட்டது. இருக்கிறது, விரலால் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத்தான் தெரியவில்லை, யாருடைய உதட்டையோ தொட்டுப் பார்ப்பது போல. ரெண்டு ஊசி போட்டாச்சு ஆன்ட்டி, நல்லா மரத்துப் போகட்டும், கால்மணி நேரம் அப்படியே சாஞ்சிருங்க, பக்கத்து சேர்ல ஒருத்தருக்கு பல்லுக்கு மேல கேப் மாட்டிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் யாழினி தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். நாற்பத்தெட்டு வயதுக்கு ஆன்ட்டி. டப்ளினில் பத்தொன்பது வருடம் ரெனூக்கா என்று நடுவில் இழுத்துக் கூப்பிட்டார்கள், அப்போது அது பிடிக்கவில்லை, ஈரோட்டுக்குத் திரும்பி வந்து ஒன்றரை வருடத்தில் ஆன்ட்டி பிடிக்கவில்லை. இதையெல்லாம் எதற்கு நினைக்கிறேன். போனைப் பார்க்காமல் இருப்பதற்காக நினைக்கிறேன். போன் வயிற்றின் மேல், நீலத் துணிக்கு அடியில், வெதுவெதுவென்று கிடக்கிறது. முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நடுவில் அது நடுங்கியது. சேலத்திலிருந்து இன்பராஜ், நான் ஆங்கிலமாக்கும் செய்திகளை எழுதுகிறவன். அக்கா இதப் பாத்தீங்களா, கோர்ட்டுக்குள்ள போறேன், வெளிய வந்து பேசறேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு படம். படம் செங்காட்டுப்புதூர் ஊராட்சி மக்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்தது. அதில் என் வாக்கியம் இருக்கிறது. நான் ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியம், யாருடைய போனோ அதைத் தமிழாக்கி வைத்திருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விடியலிலும் தண்ணீர் தொட்டியின் ஐம்பத்திரண்டு படிகளை தனது மோசமான முழங்காலுடன் ஏறிய ஒரு மனிதன் எங்களிடம் கூறினான். கூறினான். நான் அவரை அப்படி எழுதவில்லை, ஆனால் அது இப்போது முக்கியமில்லை. அதற்குக் கீழே ஒருவர், நம்ம டேங்க்ல எத்தன படிங்கோ என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், எண்ணிட்டு வந்துட்டேன், கரெக்டா அம்பத்திரெண்டு என்று கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்களைப் போட்டிருக்கிறார். மூன்றாவது ஆள், முட்டிவலிக்காரருக்கு ஒரு மாலை வாங்குங்கப்பா. காலை ஆறு ஐம்பதுக்கு. இப்போது மணி பதினொன்று ஐந்து. நாலு மணி நேரமாக அந்த ஊரில் என் வாக்கியம் நடமாடிக்கொண்டிருக்கிறது, நான் அதற்குள் எழுந்து, குளித்து, இட்லி வேண்டாம் பல் வலிக்கும் என்று கஞ்சி குடித்து, ஆட்டோ பிடித்து இங்கே வந்து வாயைத் திறந்து படுத்திருக்கிறேன்.

அந்த ஊரில் தொட்டி ஏறித் தண்ணீர் திறந்துவிடுகிறவர் மாரப்பன். மாரப்பன் என்று எழுதவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், பேரை எழுதவில்லை, பேரை எழுதவில்லை. எம்பேரு வேண்டாமுங்க என்றார், தை வந்தா வேலைய விட்டு நின்னுக்குவேன், அது வரைக்கும் பிரச்சனையில்லாம இருந்துட்டுப் போயிர்றேன் என்றார், உங்க பேர் வராது மாரப்பண்ணா என்று நான் வாக்குக் கொடுத்தேன், பேர் வரவில்லை. வாக்கு அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாட்டிக்கொண்டார். இன்பராஜ் எழுதிய தமிழ்ச் செய்தியில் பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர் என்று மட்டும்தான் இருந்தது. ஊழியர் என்றால் யாராகவும் இருக்கலாம், ஊராட்சி கிளார்க், குப்பை வண்டிக்காரர், நூறுநாள் வேலைப் பொறுப்பாளர். செய்தி பெரியது: புதிதாகப் பிரித்த வீட்டுமனைகளுக்குத் தினமும் விடிய இரண்டு மணி நேரம் தண்ணீர் போகிறது, மனைகளை விற்பவர் ஊராட்சித் தலைவரின் மச்சான், அதே தொட்டியிலிருந்து காலனிக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம். எந்த வால்வை எந்த நேரம் திறக்கச் சொன்னார்கள் என்று தேதியோடு சொன்னது அந்த ஊழியர். இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது எனக்குக் கை நிற்கவில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் என்றால் எவன் நம்புவான். டப்ளினில் எனக்கு வேலை காப்பீட்டு நிறுவனத்தில் கடிதம் எழுதுவது. உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று சொல்லும் கடிதங்கள். மேலதிகாரி முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார், ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஆளின் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு விவரம் சேர்த்துவிடு, ஒரு மனுஷி உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்று அவர்கள் நம்புவார்கள். உங்கள் நாயின் அறுவை சிகிச்சை, உங்கள் சமையலறைக் கூரை. பத்தொன்பது வருடம் சேர்த்தேன். மாரப்பனுக்குப் போன் செய்தது வால்வு நேரத்தைச் சரிபார்க்க. சரிபார்த்து முடிந்த பிறகும் வைக்கவில்லை. டேங்க்ல எத்தனை படிண்ணா என்று கேட்டேன். ஏன் கேட்டேன். அம்பத்திரெண்டுங், ஏறறப்ப ஒண்ணும் தெரியாது, எறங்கறப்பத்தான் முட்டி பேசும் என்றார். முட்டி பேசும். அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது, மனிதரைப் பிடித்துவிட்டேன் என்று. பிடித்துத்தான் கொடுத்திருக்கிறேன்.

என்னக்கா, எச்சி வடியுது, தொடச்சுக்கங்க என்று கோகிலா காகிதத் துண்டு ஒன்றைக் கையில் வைத்தாள். டாக்டருக்கு உதவியாக இருக்கும் பெண், முப்பது வயதிருக்கும், டிரேயில் ஊசிகளை அடுக்கிக்கொண்டே பேசுவாள். வடிந்தது தெரியவே இல்லை. போனவாரமும் இப்படித்தான், இருந்த அரைமணி நேரமும் போனைப் பாத்தீங்க, வெளிநாட்டுல இருக்கற பாப்பாகூட பேசறீங்களா என்றாள். இல்லம்மா, நியூஸ் என்றேன், நியூவ்ஸ் என்று வந்தது. நியூஸா, அதெல்லாம் எங்கூட்டுக்காரரோட முடிஞ்சுதுக்கா, மூணு சேனல் மாத்தி மாத்திப் பாத்து மூணு கட்சியையும் திட்டுவாரு, விளம்பரம் போட்டா என்னையத் திட்டுவாரு. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர், கோகி, பேஷன்ட்ட சிரிக்க வைக்காத, நாக்கக் கடிச்சுக்குவாங்க என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முகத்தில் பாதி மட்டும் சிரித்திருக்கும். கிராம்பு வாசனையும் ரப்பர் வாசனையும் ஏதோ தீய்கிற வாசனையும், அந்தப் பக்கம் யாருடைய பல்லையோ ராவுகிற சத்தம், மெல்லிய, விடாத சத்தம், அது நின்றால் அடுத்து நான். நின்றுவிடக் கூடாது. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்ய.

வெளியே வரவேற்பறையில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததை வரும்போது பார்த்தேன், ஆறு கட்டத்தில் ஆறு பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள், டாக்டரிடம் காட்ட வந்தவர்கள் மாதிரி. அதிலிருந்து தப்பிக்கத்தானே இதெல்லாம். திரும்பி வந்த முதல் மாதம் முழுக்கத் தேடினேன், எதைத் தேடுகிறேன் என்று தெரியும், எங்கே இருக்கும் என்று தெரியாது. முற்போக்கு, சுயேச்சை, மாற்றுச் செய்தி, தமிழ் என்று மாற்றி மாற்றித் தட்டுவேன். தங்களை நடுநிலை என்று நெற்றியிலேயே எழுதிக்கொண்டவர்கள் வருவார்கள், அவர்களில் ஒருவரை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொல்லுவார், அவரை யார் நடத்துகிறார்கள் என்று மூன்றாமவர். யூடியூபில் சிவப்பு அம்புக்குறி, தலையில் தீப்பிடித்த தலைவர்கள், அடுத்த நொடி ஆட்சி கவிழப் போகிறது, கவிழாது. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறவர்களும் அதே குரலில் கத்தினார்கள், அதுதான் பயமாக இருந்தது, என் பக்கம் பேசுகிற ஆளை மட்டும் எப்படி நம்புவது. ஓரப்பத்தி என்ற தளம் அப்படித்தான் ஒருநாள் கண்ணில் பட்டது, அதில் முதலில் படித்தது செய்தியை அல்ல, அடியில் இருந்த திருத்தக் குறிப்பை. இந்தச் செய்தியில் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்று எழுதியிருந்தோம், மூன்று பக்கம் உண்டு, நாங்கள் நான்காவது பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டு எழுதிவிட்டோம், வருந்துகிறோம். அதைப் படித்து நான் அழுதேன் என்று சொன்னால் இன்பராஜே நம்பவில்லை. எங்கள் பக்கம் பேசுகிற ஆட்கள் தப்பு செய்துவிட்டு அதை ஒத்துக்கொண்டதை அதுவரை நான் பார்த்ததில்லை. மறுநாள் எழுதிக் கேட்டேன், உங்கள் செய்திகளை ஆங்கிலத்தில் போட்டுத் தரட்டுமா, சம்பளம் வேண்டாம். ஓரப்பத்தியில் ஒரு விதி உண்டு, வெளியான பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அடியில் எழுத வேண்டும். சத்தமில்லாமல் திருத்துகிறவர்களுக்கும் நமக்கும் வேற வித்தியாசமே இல்லக்கா, இது ஒண்ணுதான் என்பான் இன்பராஜ். ஒரு செய்திக்காக வழக்கு வாங்கி மாதம் ஒருமுறை வாய்தாவுக்குப் போய் நிற்கிறவன். இன்றைக்கும் நிற்கிறான். போன் அணைந்திருக்கிறது. ஏழு முறை அடித்துப் பார்த்துவிட்டேன்.

தளத்தில் வந்த செய்தியைத் திருத்தும் பக்கத்துக்கு என்னிடம் கடவுச்சொல் இருக்கிறது. போனிலேயே முடியும், இந்த நாற்காலியிலேயே. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு ஊழியர் ஒருவர் என்று போட்டால் முடிந்தது. திறந்தேன். வாக்கியம் அங்கே அழகாகத்தான் இருக்கிறது, பாவி, இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினேன், நீலமாயிற்று. இனி வெட்டு. வெட்டினால் அடியில் குறிப்பு எழுத வேண்டும். என்னவென்று. செய்தி தந்தவரை அடையாளம் காட்டக்கூடிய விவரத்தை நீக்கியிருக்கிறோம். ஆஹா. அதையும் எவன் போனாவது தமிழில் சொல்லும், அப்படியென்றால் முட்டிவலிக்காரர்தான், அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று மாலை வாங்கப் போவார்கள். குறிப்பு எழுதாமல் வெட்டினால்? படம்தான் அவர்கள் கையில் இருக்கிறதே. நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்லை, பாத்தீங்களா, பொய்ச் செய்தி, பயந்து எடுத்துட்டாங்க என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும், பயந்துதான் எடுத்திருப்பேன், தண்ணீர் விஷயமும் சேர்ந்து பொய்யாகிவிடும். வெட்டாமல் விட்டால் அப்படியே நிற்கும். நீலமாக நிற்கிறது. விரலை எடுத்தேன், நீலம் போயிற்று. மறுபடி வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஊரில் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேனே, அதைச் சொல்ல வேண்டும், யாரிடமாவது. ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஆறாவதிலிருந்து கான்வென்ட், அன்றிலிருந்து ஆங்கிலம் என்றால் எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற அறை. அப்பாவைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாமல் தம்பியிடம் பேச வேண்டுமென்றால் ஆங்கிலம். பேருந்தில் பக்கத்து ஆளைப் பற்றிப் பேச ஆங்கிலம். அந்த அறைக்குச் சுவரே இல்லாமல் போய்விட்டது, யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே வரலாம், இது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சாத்தியிருக்கிறது என்று நினைத்துப் பேசியிருக்கிறேன்.

மாரப்பனை என்ன செய்வார்கள். அடிப்பார்களா. அடிக்க மாட்டார்கள், இந்தக் காலத்தில் அடிப்பார்களா, அடிப்பார்கள். போனவாரம் நானே வேறு ஒரு செய்தியை ஆங்கிலமாக்கினேன், அதில் அடித்தார்கள். இல்லை, வேலையை விட்டு நிறுத்துவார்கள், அவ்வளவுதான், அவ்வளவுதான் என்கிறேன், தை வரைக்கும் ஐந்து மாதம் இருக்கிறது. தொட்டியின் மேல் நிற்கும்போது யாராவது ஏணியை. ஏணி இல்லை, படி. ஐம்பத்திரண்டு. போதும். கூப்பிட்டுப் பேசிவிடலாம், எண் இருக்கிறது, ஆனால் இந்த நேரத்தில் என் எண் அவர் போனில் விழுந்தால், போனை வாங்கிப் பார்த்தால், யாருடா இது என்றால். அங்கேதான் வந்து நிற்கிறேன், அங்கேதான் முதலிலிருந்தே நின்றுகொண்டிருந்தேன், அவரைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி என்னைப் பற்றி. என் கையில் இருப்பது அயர்லாந்து பாஸ்போர்ட். இங்கே இருக்க ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், வீடு வாங்கலாம், பல் கட்டலாம், பத்திரிகை வேலை செய்ய வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று விதி. நான் வாங்கவில்லை, தெரிந்தால் அட்டையைப் பறித்துக்கொள்ளலாம். சம்பளமில்லாமல் மொழிபெயர்ப்பது வேலையா இல்லையா என்று யாரிடமும் கேட்கவுமில்லை, கேட்டால் வேலைதான் என்று சொல்லிவிடுவார்களோ என்று. ஓரப்பத்தியில் என் பேர் கிடையாது, ஆங்கிலத்தில் ஆசிரியர் குழு என்று போட்டுக்கொள்வோம். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். என்னை எவ்வளவு கவனமாக மூடி வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு முழங்கால்கூட வைக்கவில்லை.

ராவுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ, கடிச்சுப் பாருங்க, உயரமா இருக்கா, இல்லியா, நல்லாக் கடிங்க, என்னையவா கடிக்கப் போறீங்க என்கிறாள். மாரப்பனின் எண்ணை அழுத்திவிட்டேன். நானா அழுத்தினேன், கட்டைவிரல் அழுத்தியது. ஒருமுறை அடித்ததுமே எடுத்துவிட்டார், கையிலேயே வைத்திருந்தவர் போல. சொல்லுங் மேடம். மூச்சு வாங்கவில்லை, குரல் சாதாரணமாக இருந்தது, பின்னால் ஒரு ஆடு கத்தியது. நான் பேச ஆரம்பித்தேன், மாரப்பண்ணா என்பது மாஃபண்ணா என்று வந்தது. பாத்தீங்களா என்று கேட்டேன். பாத்தனுங், பையன் காட்டுனான். எட்டு மணிக்கே சாவிய வாங்கிட்டாங்க மேடம், வால்வு ரூம்பு சாவி, டேங்க் கேட்டு சாவி ரெண்டையும். தலைவரு சத்தம் கித்தம் ஒண்ணும் போடலீங், டீ குடிக்கறயா மாரப்பான்னு கேட்டாரு, அதுலதான் எனக்குப் பயம் வந்துச்சு. சிரித்தார். பொழுதோட நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க, நான் அப்பிடியெல்லாம் யாருகிட்டயும் சொல்லவே இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா சாவி திரும்ப எங்கிட்டயே வந்துருமாம். இல்லீன்னா வேற ஆளு பாத்துக்கறோம்ங்கறாங்க. எழுதிக் குடுத்துருங்கண்ணா என்று என் வாய் வரை வந்தது. அந்தச் செத்த உதட்டு வரை வந்து நின்றது. எழுதிக் கொடுத்தால் அவருக்குச் சாவி, எனக்கு நிம்மதி, காலனிக்கு ஒன்பது நாள் பதினைந்து நாளாகும், இன்பராஜ் பொய்யனாவான். அதற்குள் அவரே சொன்னார், எழுதறதுக்கு என்னங், எழுதத் தெரியாமயா, எட்டாவது படிச்சிருக்கறன். எழுதிக் குடுத்துப் போட்டு காலனித் தெருவுக்குள்ள எப்பிடி நடந்து போவேன், எங்கூடும் அங்கதான இருக்குது.

அப்புறம் இன்னொன்று சொன்னார், அவருக்கு அது பெரிதாகப் படவில்லை, போகிற போக்கில் சொன்னார். இங்கிலீசுல எழுதுனது யாருன்னு கேட்டாங்க மேடம். தெரியாதுன்னேன். போன்ல பேசுனயில்ல, ஆம்பளையா பொம்பளையான்னாங்க. கரகரன்னு இருந்துச்சுங், ஒண்ணும் புடிபடலைன்னுட்டேன். எந்தூருன்னாங்க, அதும் கேட்டுக்கலீங்கன்னேன். அன்றைக்குப் பேசும்போது அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். ஈரோடு என்று, வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டேன் என்று, மகள் அங்கேயே படிக்கிறாள் என்று, பெரிய வலசு பக்கம் வீடு என்று, பேச்சு வாக்கில், அவர் முழங்காலைச் சொன்னதற்குப் பதிலாக என்னுடையதை. எல்லாம் அவர் கையில் இருந்தது. டீயும் கொடுத்து நேரில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றைக்கூட அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலோ வேலையிலோ இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மரத்துப் போகாத வலது பக்கத்துக் கன்னம் மட்டும் நனைந்ததை உணர்ந்தேன், இடது பக்கமும் நனைந்திருக்கும்.

அக்கா, போன வைங்க, டாக்டர் வர்றாங்க என்றாள் கோகிலா. டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டே வந்து நின்றாள், ஆரம்பிக்கலாமா ஆன்ட்டி, உதட்டுல ஒண்ணும் தெரியலைல்ல என்றாள். ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன், ஒரு நிமிடம். இன்பராஜ் சாயங்காலம் வரை சேலத்தை விட்டு நகர முடியாது. நாலு மணிக்கு அந்த அறையில் மாரப்பன் ஒரு பக்கம், அவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், நடுவில் ஒரு பேப்பர். அவர் முழங்காலை எழுதியது நான்தான், அவர் பேச்சைக் கேட்டு எழுதியது நான்தான், அவர் சொன்னார் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அந்தப் பேப்பர் வெறும் பேப்பர். போனால் பேர் கேட்பார்கள். அட்டை கேட்பார்கள், இன்றைக்கில்லாவிட்டால் அடுத்த வாரம். நாற்காலியின் கைப்பிடியை என் கை பிடித்திருந்தது, அதை விடச் சொன்னேன், விடவில்லை. நான் வரேன் என்றேன். என்னங் மேடம், ஒண்ணும் புரியல என்றார் மாரப்பன். நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. நாலு மணிக்கு, நானும், வரேன். டாக்டரும் கோகிலாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்க வந்தா அவிங்களுக்கு யாருன்னு தெரிஞ்சு போயிருமுங்க என்றார், மெதுவாக, விவரம் தெரியாதவளுக்குச் சொல்வது போல. ஆமாண்ணா என்றேன், இது மட்டும் தெளிவாக வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்பன்னா மூணே கால் பஸ்ஸ விட்றாதீங் என்றார். அத உட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான்.